பலகையில் அடங்காத ஆங்கிலம்

கம்பஸ் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் வருடா வருடம் சுற்றுகிறது. ஆங்கில வாரம் கிட்ட வந்தால் கட்டாயம் வரும். சொல் விளையாட்டு ஆடுகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய நீளமான, அபூர்வமான ஆங்கிலச் சொற்கள் எண்டு தலைப்பு. கீழே முப்பது நாற்பது சொல், ஒவ்வொன்றும் யாழ்தேவி மாதிரி நீளம். இதைப் பாடமாக்கினால் ஸ்கிரபிளில் வெல்லலாம், நேர்முகத் தேர்வில் வெல்லலாம், பிறகு வாழ்க்கையிலும் வெல்லலாம் எண்டு ஒரு முடிவுரை. அடியில் ஏதோ ஒரு ரியூட்டரியின் போன் நம்பரும் இருக்கும்.

நாங்கள் இந்தப் பட்டியலுக்கு எதிரானவர்கள். ஸ்கிரபிள் எங்களுக்குப் பிடிக்கும். ஆங்கிலமும் எங்களுக்கு வேணும், அதுவும் அவசரமாக வேணும். ஆனால் இந்தப் பட்டியல் விளையாட்டைப் பற்றியும் பொய் சொல்லுது, ஆங்கிலத்தைப் பற்றியும் பொய் சொல்லுது. இரண்டு பொய்யையும் நம்பிக்கொண்டு வகுப்பில் வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கட பச் பெடியளும் பெட்டையளும்தான்.

முதல் விளையாட்டைப் பாப்பம்.

ஸ்கிரபிள் பலகையில் இந்தப் பக்கம் 15 கட்டம், அந்தப் பக்கம் 15 கட்டம். மொத்தம் 225. ஒருவரின் கையில் ஒரு நேரத்தில் 7 எழுத்துத்தான் இருக்கும். இப்ப அந்தப் பட்டியலை எடுங்கோ. முதல் வரிசையில் எப்பவும் நிற்கிற சொல் 'அன்ரிடிஸ்எஸ்ராபிளிஷ்மென்ராரியனிசம்'. இங்கிலாந்துத் திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள தொடர்பை வெட்டிவிடக் கூடாது எண்ட 19ஆம் நூற்றாண்டு நிலைப்பாட்டின் பெயர் அது. 28 எழுத்து. அதை வைக்கிறதெண்டால் பக்கத்து வீட்டுப் பலகையையும் கடன் வாங்கி ஒட்டவேணும். விளையாட்டுக்கு எண்டு சொல்லி விற்கிற சொல், விளையாட்டுப் பலகையிலேயே அடங்காது. பட்டியலைத் தயாரித்தவர் ஒரு நாளாவது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பாரோ எண்டு எங்களுக்குச் சந்தேகம்.

இந்த விளையாட்டை உண்டாக்கினவர் அல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர். கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர். பத்திரிகைகளை விரித்து வைத்து எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது எண்டு எண்ணினார். அந்தக் கணக்கிலிருந்துதான் எந்த எழுத்துக்கு எத்தனை காய், எத்தனை புள்ளி எண்டு முடிவு செய்தார். ஆங்கிலப் பெட்டியில் 'ஈ' எழுத்துக்கு 12 காய், அதற்கு ஒரேயொரு புள்ளி. 'கியூ'வும் 'இசட்'டும் ஒவ்வொன்றுதான், ஆளுக்கு 10 புள்ளி. (இசட் எண்டவுடன் ஏ.எல் எழுதின எங்கட ஆக்களுக்கு வேறொரு புள்ளி ஞாபகம் வரும். அந்தக் காயத்தை இஞ்ச கிளற வேண்டாம்.) அதாவது இந்த விளையாட்டின் அத்திவாரமே சாதாரணப் பத்திரிகை ஆங்கிலம். வேலை போன மனிசன் ஒருவர் மேசையில் குந்தியிருந்து எண்ணின தெருவோர ஆங்கிலம்.

போட்டிகளில் ஆடுகிறவர்கள் முதலில் பாடமாக்குவது என்ன தெரியுமோ? இரண்டெழுத்துச் சொற்கள். போட்டி அகராதியில் அப்படி 120க்கும் மேல் இருக்கு. 'கியூ', 'ஐ' இரண்டையும் சேர்த்தால் ஒரு சொல். சீனச் சிந்தனையில் வரும் உயிர்ச்சக்தி. 'ஏ', 'ஐ' சேர்த்தால் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்குகிற, மூன்று விரல் உள்ள ஒரு சோம்பேறி விலங்கு. செயற்கை நுண்ணறிவு எண்டு நினைக்க வேண்டாம். 'எக்ஸ்', 'யூ' சேர்த்தால் வியட்நாமின் பழைய சில்லறைக் காசு. 'ஏ' இரண்டு தரம் வந்தால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்பு. 'கியூ'வைச் சரியான கட்டத்தில் வைத்து, குறுக்காலும் நெடுக்காலும் அதே இரண்டெழுத்துச் சொல்லை அமைத்தால் ஒரே அடியில் 62 புள்ளி. இரண்டு எழுத்துக்கு 62! அந்த 28 எழுத்துக்காரர் பலகைக்கு வெளியில் நிண்டு கைதட்ட வேண்டியதுதான்.

கையில் இருக்கிற 7 எழுத்தையும் ஒரே தரத்தில் இறக்கினால் மேலதிகமாக 50 புள்ளி கிடைக்கும் என்பது உண்மைதான். அதனால் 7, 8 எழுத்துச் சொற்கள் பெறுமதியானவை. ஆனால் அவற்றில் பெரும்பங்கு எங்களுக்கு ஓ.எல்லிலேயே தெரிந்த சொற்கள், பின்னால் ஒரு விகுதி ஒட்டினவை. அபூர்வம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை.

2015இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நடந்த ஆங்கில ஸ்கிரபிள் உலகப் போட்டியில் வென்றவர் வெலிங்டன் ஜிகெரே, நைஜீரியர். இறுதிப் போட்டியில் எதிராளி இங்கிலாந்துக்காரர். நான்குக்குப் பூச்சியம். நைஜீரியர்கள் அந்தக் காலத்தில் பேர் எடுத்தது எதற்கு எண்டால், நீளச் சொல் கையில் இருந்தாலும் பல நேரம் அதை வைக்காமல் ஐந்தெழுத்துச் சொல்லை வைத்து, நல்ல எழுத்தைக் கையில் மிச்சம் பிடித்து, எதிராளிக்கு இடம் கொடுக்காமல் ஆடுவதற்கு. முன்னாள் காலனி ஒன்றிலிருந்து வந்த ஒருவர், ஆங்கிலேயரை ஆங்கிலச் சொற்களால், அதுவும் குட்டிச் சொற்களால் அடித்துவிட்டுப் போனார். எங்கட ரியூட்டரி போஸ்டர்களில் ஏன் அவருடைய படம் இல்லை?

இதைவிடப் பெரிய பகிடி நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழ்கிறவர். ஆங்கிலத்தில் பல தரம் உலகச் சம்பியன். 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிரபிள் உலகப் போட்டிக்குப் போய் அதையும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு கதைக்கத் தெரியாது. ஒன்பது கிழமை பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் பாடமாக்கினார், அவ்வளவுதான். 2024இல் ஸ்பெயினின் கிரனடா நகரில் ஸ்பானிய மொழி உலகப் போட்டி. அதையும் வென்றார். ஸ்பானியமும் தெரியாது. தாய்லாந்திலும் இதே கதைதான். பாங்கொக்கில் பெரும் பெரும் போட்டிகள் நடக்கின்றன, 2003இலும் 2009இலும் உலகச் சம்பியன்கள் தாய்லாந்துக்காரர். அங்கே பலருக்கு ஆங்கிலச் சொல் என்பது ஒரு கணித வடிவம்.

நாங்கள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. செஸ் ஆடுகிறவரிடம் குதிரைக்குப் புல் போடத் தெரியுமோ எண்டு யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு விஷயம் வடிவா விளங்க வேணும். ஸ்கிரபிளில் வெல்வதற்கும் ஒரு மொழியில் மனிசரோடு கதைப்பதற்கும் இடையில் ரிச்சர்ட்ஸ் அளவுக்குத் தூரம் இருக்கு. அந்தத் தூரத்தை மறைத்துத்தான் பட்டியல் வியாபாரம் நடக்குது.

இனிப் பட்டியலின் ராசாவுக்கு வருவம். 'நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவொல்கானோகோனியோசிஸ்'. ஆங்கில எழுத்தில் 45. மிக நுண்ணிய எரிமலைத் தூசைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய் எண்டு பொருள் போட்டிருக்கும். எங்கட வகுப்பில் இதை ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டு வாங்கினவர்கள் இருக்கிறார்கள். எந்த வைத்தியரும் இந்தச் சொல்லை எந்த நோயாளிக்கும் எழுதுவதில்லை. ஏனெண்டால் இது வைத்தியத்துக்குப் பிறந்த சொல்லே இல்லை. 1935இல் நியூயோர்க்கில் கூடின சொற்புதிர்ச் சங்கம் ஒன்றின் தலைவர் எவரெட் சிமித், உலகத்திலேயே நீளமான ஆங்கிலச் சொல் ஒன்று வேணும் எண்டதுக்காகவே ஒட்டி உருவாக்கினது. பத்திரிகையில் செய்தியாக வந்தது, பிறகு அகராதிக்குள் ஏறியது. ஒக்ஸ்போர்ட் அகராதிகூட இதைச் செயற்கையாக உண்டாக்கின சொல் எண்ட குறிப்போடுதான் தருகிறது.

சரி, ஒரு விளையாட்டுத்தானே எண்டு விடலாம். ஆனால் அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கோ.

1930இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுப்பதற்கு. யூனியன் கார்பைட் கம்பனிக்கான வேலை. அந்தப் பாறை முழுக்க சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். அதனால் உலர்வாகவே துளைத்தார்கள். தொழிலாளருக்கு முகமூடி கொடுக்கவில்லை. உள்ளே இறங்கினவர்களில் பெரும்பாலானோர் தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். அவர்களின் நுரையீரல் கல்லானது. நோயின் பெயர் சிலிக்கோசிஸ். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. செத்தவர்கள் 476 எண்டு ஒரு கணக்கு. பின்னால் வந்த ஆய்வு 700க்கும் மேல் எண்டு சொல்கிறது. அதே யூனியன் கார்பைட்டின் பெயரை நாங்கள் 1984இல் போபாலில் திரும்பவும் கேட்டோம்.

ஒரே நாடு, ஒரே காலம். மலைக்குள் தூசைச் சுவாசித்து மனிசர் செத்துக்கொண்டிருந்தார்கள். நகரத்தில், தூசைச் சுவாசிக்கும் நோய்க்கு 45 எழுத்தில் பெயர் வைத்துக் கைதட்டினார்கள். புதிர்ச் சங்கத்தார் கெட்டவர்கள் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இண்டைக்கு எங்கட பிள்ளைகள் பாடமாக்குவது எந்தச் சொல்? அந்த 45 எழுத்தைச் சொல்லத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஹோக்ஸ் நெஸ்ட் தெரியும்? கல்லுடைக்கிற வேலை எங்கட நாட்டிலும் இருக்கு. அந்தத் தூசும் இதே தூசுதான். அங்கே வேலை செய்கிற ஒருவருக்கு உதவுகிற சொல் சிலிக்கோசிஸ். அது சின்னச் சொல், அதுக்குக் கைதட்டு இல்லை.

பட்டியலில் இரண்டாம் ராசாவும் ஒண்டு இருக்கு. 'பிளொக்சினோசினிஹிலிபிலிபிகேஷன்', 29 எழுத்து. ஒன்றை ஒன்றுக்கும் உதவாதது எண்டு மதிப்பிடுவது எண்டு அர்த்தம். ஒன்றுக்கும் உதவாதது எண்டு பொருள்படும் நான்கு லத்தீன் துண்டுகளை ஒட்டி, 18ஆம் நூற்றாண்டில் செய்தது. அந்தத் துண்டுகள் ஈட்டன் கல்லூரி லத்தீன் இலக்கணப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. ஈட்டன் எண்டால் பிரித்தானியப் பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். பள்ளிக்கூடப் பெடியள் அடிச்ச பகிடி மாதிரி ஒரு சொல். 2012இல் இதைப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னவர் ஜேக்கப் ரீஸ்-மொக். அவர் படித்ததும் ஈட்டனில்தான். ஒரே மதிலுக்குள் பிறந்து ஒரே மதிலுக்குள் சிரிக்கிற சொல் அது. வெளியில் நிற்கிறவருக்கு அது சொல்கிற ஒரே செய்தி: நீ உள்ளே வந்ததில்லை.

2018இல் இந்திய அரசியல்வாதி சசி தரூர் தன்னுடைய புதுப் புத்தகத்தை அறிவிக்கிற ருவீற்றில் இதே சொல்லைப் போட்டார். இணையம் முழுக்க அதுதான் கதை. புத்தகம் மோடியைப் பற்றியது. அதில் என்ன வாதம் எண்டு கதைத்தவர்களைவிட அந்தச் சொல்லை உச்சரித்து வீடியோ போட்டவர்கள்தான் எங்கட கண்ணில் பட்டார்கள். எங்களுக்கு தரூரைப் பிடிக்கும் எண்டதுதான் இதில் வயித்தெரிச்சல். 2015இல் ஒக்ஸ்போர்ட் யூனியனில் பிரித்தானியா இந்தியாவுக்கு இழப்பீடு கடன்பட்டிருக்கு எண்டு அவர் கதைத்த வீடியோவை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருப்பம்! அந்தப் பேச்சு ஏன் வென்றது? வசனங்கள் தெளிவு, கணக்கு நேர், கேட்கிறவருக்கு ஒரு இடத்திலும் அகராதி தேவைப்படவில்லை. அதே மனிசரிடமிருந்து எங்கட ஆக்கள் எடுத்துக்கொண்டதோ அந்த 29 எழுத்தை. கொள்ளையடித்தவனிடம் கணக்குக் கேட்ட வாயை விட்டுட்டு, அவனுடைய பள்ளிக்கூடப் பகிடியைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறம்.

இனி எங்கட வீட்டுக்கு வருவம். சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கு: 'கடுவ'. வாள். பல்கலைக்கழகங்களில் ஊறின சொல். ஆங்கிலம் தெரிந்தவர் தெரியாதவரை வெட்டுகிற ஆயுதம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது ஆங்கிலத்தின் ஆட்சி முடிந்தது எண்டு சிலர் கொண்டாடினார்கள். எங்களுக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி எண்டு எழுதி வைத்தது. இணைப்பு மொழி! இணைக்க வேண்டிய ஒன்றை வாளாக வைத்துக்கொண்டு ஆளையாள் பயப்படுத்துகிற நாடு இது. நீளச்சொல் பட்டியல் அந்த வாளுக்குத் தீட்டுகிற கல்.

எங்கட பீடத்துக்கு வாறவர்களில் கனபேர் தமிழ் மொழிமூலம் ஏ.எல் செய்தவர்கள். ஆங்கிலப் பாடம் எல்லாருக்கும் கட்டாயம். முதல் வருடத்தில் எங்கட தோழி ஒருத்தி தன்னுடைய ஊரின் குடிதண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிசம் கதைத்தாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, பவுசர் கிழமைக்கு இரண்டு தரம் வரும், வராத நாளில் அம்மா சைக்கிளில் போவா. எல்லாம் சின்ன வசனம், எல்லாம் விளங்கினது. முடிஞ்ச பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம், சொல்வளம் காணாது எண்டது. தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு வருடம் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. அதே வகுப்பில் 'பரடைம்', 'டிஸ்கோர்ஸ்', 'ஒன்ரோலொஜிகல்' எண்டு அடுக்கினவருக்கு நல்ல பெயர். அவர் என்ன சொன்னவர் எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது எண்டுதான் எங்கட அபிப்பிராயம்.

ஆங்கிலத்தில் உண்மையில் கஷ்டமானது எது? 'றன்' என்ற சொல்லை எடுங்கோ. மூன்றே எழுத்து. வினைச்சொல்லாக அதற்கு மட்டும் ஒக்ஸ்போர்ட் அகராதியில் 600க்கும் மேற்பட்ட பொருள்கள். ஓடுகிறது காலும்தான், குழாய்த் தண்ணீரும்தான், கடையும்தான், தேர்தல் வேட்பாளரும்தான், காய்ச்சலில் மூக்கும்தான். 'கெற்', 'புற்', 'ரேக்', 'செற்' எல்லாம் இதே சாதி. அவற்றுக்குப் பின்னால் 'அப்', 'ஓஃப்', 'அவுட்' எண்டு ஒரு வாலை மாற்றினால் அர்த்தமே தலைகீழாகும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஏ' போடுவதா 'த' போடுவதா எண்டதில் முனைவர் பட்டம் எடுத்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். 45 எழுத்துச் சொல்லை ஒரு பின்னேரத்தில் பாடமாக்கலாம். 'றன்'னைப் பிடிக்க ஆயுள் வேணும். வங்கிக் கடன் பத்திரத்தில், மருந்துப் போத்தலில், வேலை ஒப்பந்தத்தில் எங்களை மாட்டி வைக்கிறதும் இந்தச் சின்னச் சொற்கள்தான். 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் கையெழுத்து வைத்தால் வீடு போகும். அதை ஒரு பட்டியலும் சொல்லித்தாறதில்லை, ஏனெண்டால் அதைச் சொல்லி எடுப்புக் காட்ட ஏலாது.

"நீங்கள் அறுவைக் கூட்டம், சொல்லில் ஒரு ஆசை இருக்கக் கூடாதோ?" எண்டு கேட்பீர்கள். இருக்கலாம். எங்களுக்கும் இருக்கு. நீளச் சொல்லுக்குப் பயப்படுகிறதுக்கு ஒரு ஆங்கிலப் பெயர் செய்து வைத்திருக்கிறார்கள், 'ஹிப்போபொட்டோ' எண்டு தொடங்கி 36 எழுத்துக்குப் போகும். நோயாளியைப் பெயரிலேயே கொல்லுகிற அந்தக் குசும்பை நாங்களும் ரசிக்கிறம். ஆனால் ஆசை எண்டால் அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது, யாருடைய வாயில் இருந்தது எண்டும் கேட்க வேணும். போட்டி ஸ்கிரபிளில் ஒரே தரத்தில் எடுத்த மிகப் பெரிய புள்ளி எண்டு சொல்லப்படுவது 392. 1982இல் மன்செஸ்ரரில் கார்ல் கோஷ்னோ என்பவர் எடுத்தது. சொல் 'கஸீக்ஸ்', எட்டு எழுத்து. அர்த்தம் தெரியுமோ? கரீபியன் தீவுகளில் இருந்த தைனோ மக்களின் தலைவர்கள். கொலம்பஸ் வந்து இறங்கினபோது அவரை எதிர்கொண்ட மக்கள். சில தசாப்தங்களுக்குள் அடிமை வேலையிலும் நோயிலும் வாளிலும் பெருந்தொகையாக அழிக்கப்பட்டவர்கள். அவர்களின் தலைவர்களைக் குறித்த சொல் ஸ்பானியத்துக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், ஒரு பலகையில் 392 புள்ளியாக நிற்குது. இந்தக் கதையோடு சேர்த்து அந்தச் சொல்லைத் தாருங்கோ, நாங்கள் சந்தோசமாகப் பாடமாக்குவம்.

எங்கட சொற்களும் அங்கே போயிருக்கு. கட்டுமரம், சுருட்டு, பந்தல், வெட்டிவேர், கஞ்சி, அணைக்கட்டு எல்லாம் ஆங்கில அகராதியில் வேற உடுப்புப் போட்டுக்கொண்டு இருக்கு. மிளகுத்தண்ணி 'மலிகடோனி' ஆகி 12 எழுத்தில் நிற்குது; அது பலகையிலும் அடங்கும். இதைக் கேட்டால் எங்கட ஆக்களுக்குப் பெருமை வரும். அந்தப் பெருமையோடேயே இன்னொன்றையும் கேளுங்கோ. 'பரையா'. ஆறு எழுத்து. ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் எண்டு ஆங்கிலத்தில் அர்த்தம். உலகம் ஒதுக்கின நாட்டை 'பரையா ஸ்ரேற்' எண்டு நல்ல நல்ல நாளேடுகள் இண்டைக்கும் தலைப்புப் போடுகின்றன. பறையர் என்ற சமூகத்தின் பெயர் அது. பறை அடித்தவர்களின் பெயர். 2021இல் ஸ்கிரபிளை விற்கிற மற்றெல் கம்பனி வசைச் சொற்கள் எண்டு சுமார் 400 சொற்களைத் தன்னுடைய பட்டியலிலிருந்து எடுத்தது. ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் நாங்கள் கோபப்படலாம். ஆனால் ஒரு சமூகத்தின் பெயரை வசவாக்குகிற வேலையை ஆங்கிலேயர் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள் முற்றத்தில் செய்து வைத்திருந்ததை அவர்கள் கப்பலில் ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் எந்தக் கோப்பையில் யாருக்குத் தேத்தண்ணி எண்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள். அபூர்வச் சொல் பட்டியல் போடுகிறவர்கள் இந்த ஆறெழுத்துக்கு அடிக்குறிப்பு ஒண்டு எழுதட்டும் பாப்பம்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களைப்பற்றியெல்லாம்' எண்டு ஒரே மூச்சில் எழுதலாம். அப்பம்மா கதைக்கும்போது இதைவிட நீளமாகவே வரும், அவவுக்கு ஒருவரும் கைதட்டினதில்லை. ஜேர்மன், துருக்கி, பின்லாந்து மொழிகளிலும் அப்படித்தான். சொல் எவ்வளவு நீளம் எண்டது பெரும்பாலும் எங்கே இடைவெளி விடுகிறம் எண்ட கதை. இதில் வியப்பதற்கு ஒண்டும் இல்லை. அதே நேரம் எங்கட பண்டிதத் தமிழும் கொஞ்ச நஞ்ச ஆக்களை வெட்டவில்லை. மேடையில் ஏறினால் 'விழுமியங்களின் மீள்கட்டமைப்புச் செயன்முறைமை' எண்டு கதைக்கிற எங்கட அண்ணாமாருக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

ஆகவே எங்கட கோரிக்கை ஒண்டும் பெரிதில்லை. வருகிற ஆங்கில வாரத்தில் 'அதிநீளச் சொல்' போட்டியை நிப்பாட்டுங்கோ. அதற்குப் பதிலா ஒரு மின்சாரப் பட்டியலையோ வாடகை ஒப்பந்தத்தையோ கொடுத்து, அதைப் பத்துச் சின்ன வசனத்தில் விளங்கப்படுத்துகிறவருக்குப் பரிசைக் கொடுங்கோ. ஸ்கிரபிள் மேசையில் முதல் நாளே இரண்டெழுத்துச் சொற்களை எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுங்கோ, ஆங்கில மொழிமூலக்காரரும் தமிழ் மொழிமூலக்காரரும் ஒரே கோட்டில் நிண்டு தொடங்கட்டும். யார் வெல்லுகிறார்கள் எண்டு பாப்பம்.

பக்கத்து மேசையில் நாங்கள் தமிழ்க் காய்களோடு இருப்பம். 247 எழுத்துக்கும் தனித்தனிக் காய் வெட்டினால் சாக்குத்தான் வேணும், அதனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 எண்டு பிரிச்சு, பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டியிருக்கிறம். 'கடல்' எண்டு வைக்க ஐந்து காய் போகும். பட்ஸ் செய்த மாதிரியே பழைய பத்திரிகைகளை விரிச்சு எண்ணினம். எதிர்பார்த்தபடி அகரம் எல்லாரையும் விழுத்திப்போட்டு முன்னுக்கு நிற்குது. ஙகர மெய்க்கு எத்தனை புள்ளி எண்டதில் மட்டும் இரண்டு கட்சியாகி இன்னும் சண்டை. பத்து எண்டு ஒரு கட்சி. 'அங்க', 'இங்க', 'எங்கட' எண்டு வாயைத் திறந்தால் வருகிற எழுத்துக்குப் பத்தோ எண்டு மற்றக் கட்சி. வாறவர்கள் ஒரு பக்கம் சேருங்கோ.